அப்பா இறுக்கிய மேல் நட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அங்கே நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், ஒருவேளை இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் நலமாகிவிடு, ஏனென்றால் நீ சிரிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. இங்கே அப்பா நலம், அத்தை நலம். நானும் நலம்தான், ஆனால் நாறுகிறேன். இதை ஒரு அம்மா மகளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எப்படியும் அத்தை உனக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும். என் தலைமுடி முழுக்க கியர் ஆயில். அழுகின முட்டையையும் எரிந்த ரப்பரையும் சேர்த்து அரைத்துத் தலையில் அப்பிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. ஷாம்பு போட்டாயிற்று, பாத்திரம் விளக்கும் சோப்பு போட்டாயிற்று, அத்தை ஆஸ்பத்திரியில் கை கழுவ வைத்திருக்கிற மருந்துத் தண்ணியைக் கொண்டுவந்து ஊற்றினாள், அதற்குப் பிறகு நாற்றம் போகவில்லை, சுத்தமான நாற்றமாக ஆகிவிட்டது. நேற்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டே வந்தாள், சீட்டு முழுக்க எனக்கே கிடைத்தது, கால் நீட்டி உட்கார்ந்து வந்தேன். இந்தக் காகிதத்திலும் கொஞ்சம் வாசம் வரும், மை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, உன் அம்மாதான் சரியில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் உன் அப்பா பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீயும் சுருக்கமா சொல்லும்மா என்பாய், இதைச் சுருக்கமாகச் சொன்னால் எனக்கு வயிறு உப்பிவிடும். எங்கே கமா போடணும் எங்கே புள்ளி வைக்கணும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், உனக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே நீயே ஒன்று போட்டுக்கொள்.

இதற்கெல்லாம் காரணம் நீதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன தடவை போனில் பேசும்போது டீயை உறிஞ்சிக்கொண்டே நடுவில் ஒரு வார்த்தை சொன்னாயே, என் கார் அங்க சும்மாதானே நிக்குது, வித்துடுங்களேன் என்று, அடுத்த வாயில் வேறு ஏதோ பேசப் போய்விட்டாய். இங்கே என்ன நடந்தது தெரியுமா, உன் அப்பா போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் ஒழுகாத குழாயைப் பிடித்து இறுக்கினார். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா, தண்ணீர் பம்பிங் ஸ்டேஷனில் வால்வைத் திருகித் திருகியே முடி நரைத்த மனுஷர், ஒரு சொட்டு ஒழுகினாலும் அவருக்கு அவமானம். அவர் மூடின ஜாம் பாட்டிலை நாம் ஒரு நாளாவது திறந்து சாப்பிட்டிருக்கிறோமா. தண்ணீர் பாட்டிலை அவர் மூடிக் கொடுத்தால் தாகத்தோடு போய்த் தாகத்தோடு திரும்பி வருவாயே, மறந்துவிட்டதா. போன மாதம் வாசல் கேட்டு ஆடுகிறது என்று அதையும் பிடித்து இறுக்கிவிட்டார், கீலை இறுக்கினார், தாழ்ப்பாளை இறுக்கினார், இப்போது அதைத் திறக்க ஒரு ஆள் இழுக்கணும் ஒரு ஆள் தோள் கொடுக்கணும், தபால்காரர் போராடிப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் கடிதத்தைச் சுவருக்கு மேலாக வீசிவிட்டுப் போகிறார். அப்படிப்பட்டவர் மனசில் இருப்பதை மட்டும் லேசாகவா மூடி வைப்பார். மறுநாள் காலையில் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே, பல் டாக்டருக்கு வண்டி வேணுமாம், ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கேன் என்றார். அவ்வளவுதான், மூடி போட்டாயிற்று. எனக்கு மட்டும் அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை. வண்டியை வித்துடுங்க என்று நீ சொன்னது என் காதில் நான் இனி அங்க வரப்போறதில்ல என்று விழுந்தது. நீ அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாய், ஆனால் அம்மா காதைக் கடவுள் அப்படித்தான் படைத்து வைத்திருக்கிறார், என்ன செய்வது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதையும் இப்போதே உடைத்துவிடுகிறேன். இத்தனை மாதமாக முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, நீகூட அங்கேயிருந்து களிம்பு அனுப்பினாயே, நான் போனது வைத்தியத்துக்கு இல்லை, டிரைவிங் ஸ்கூலுக்கு. லைசென்சும் வாங்கியாயிற்று, போட்டோவில் கொஞ்சம் திருடி மாதிரி இருக்கிறேன், ஆனால் லைசென்ஸ் லைசென்ஸ்தான். நீ வரும் நாளில் யாரையும் கூப்பிடாமல் உன் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்து, உன் பேரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, தெரியாத டிரைவர் மாதிரி நிற்க வேண்டும், நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் மூஞ்சியைப் பார்க்க வேண்டும், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு படித்தேன். இப்போது அந்த வண்டியே போய்விட்டால் நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு எதில் வருவது, பஸ்ஸிலா. அப்பாவிடம் நேராகக் கேட்கலாம், ஆனால் கேட்டால் என்ன சொல்வார், அந்த வண்டி கியர் போட்டாலே கரகரன்னு பல்லைக் கடிக்குது, உனக்கு எதுக்கு என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான், இரண்டாவது கியர் போட்டால் கருங்கல்லை மெல்லுகிற மாதிரி சத்தம், ரிவர்ஸ் போடுவதற்குக் காலில் விழாத குறையாகக் கெஞ்சணும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் கேட்டதற்கு, கியர் ஆயில் மாத்தி எத்தனை வருஷமாச்சு என்று கேட்டார். கியருக்கு ஆயில் உண்டா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், லைசென்ஸ் கொடுத்தவர்களைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. எஞ்சின் ஆயிலை எல்லோரும் ஞாபகமாக மாற்றுகிறோம், கியர் பாக்ஸ் வாயில்லாத ஜீவன், நீ வாங்கின நாளிலிருந்து ஒரே ஆயிலைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. சரி, ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருவதற்குள் ஆயிலை மாற்றிவிடுவது, கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தால் அப்பாவை வண்டியில் உட்கார வைத்து நானே ஓட்டிக் காட்டுவது, பாதி வழியில் லைசென்சை எடுத்து நீட்டி, விற்காதீர்கள் என்று கேட்டுவிடுவது, இதுதான் என் திட்டம்.

நம்ம மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், போனிலேயே ஐயோ அம்மா என்கிறார், அது என்னையா கூப்பிட்டார் வலியையா கூப்பிட்டார் என்று தெரியவில்லை. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் நானும் அத்தையுமே செய்வது என்று முடிவாயிற்று. உன் அத்தை நர்ஸ் என்பதால் அவளுக்கு எதற்கும் பயமில்லை, தன் அண்ணனை ஏய்ப்பது என்றால் லீவு போட்டுக்கொண்டு வருவாள், போட்டுக்கொண்டுதான் வந்தாள். ஆயில் கடைக்காரர் நல்ல மனுஷர், வண்டி பேரைச் சொன்னதும் சரியான ஆயிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, இங்க பாருங்கம்மா, கியர் பாக்ஸ்ல ரெண்டு நட்டு இருக்கும், கீழ இருக்கிறது பழசை இறக்க, பக்கவாட்டுல மேல இருக்கிறது புதுசை ஊத்த, எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க, முதல்ல மேல் நட்டைக் கழட்டிப் பாருங்க, அது கழண்டாதான் கீழ கை வைக்கணும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து அத்தை அங்கே ஒரு புனலைப் பார்த்துவிட்டு இதைச் சும்மா கொடுப்பீங்களா என்று ஆரம்பித்துவிட்டாள், அவர் மாட்டேன் என்றார், இவள் எப்படி மாட்டேன் என்கிறீர்கள் என்றாள், புனல் கைக்கு வந்தது, நட்டு விஷயம் என் மண்டையை விட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து உன் பழைய டீ சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன், அந்த நீலக் கலர், கோபப்படாதே, இப்போது அது நீலம் இல்லை. ஆயில் சூடாக இருந்தால்தான் நன்றாக இறங்குமாம், அதனால் தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினேன். டயர் கடையில் இரும்பு ஸ்டாண்டு இரவல் வாங்கி, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஆட்டிப் பார்த்து, இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கீழே போனேன், அந்த ஜாக்கிரதை எனக்கு இருக்கிறது, நீ பதறாதே. கீழ் நட்டு முதலில் அசையவே இல்லை. ஸ்பானர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி நானும் அத்தையும் சேர்ந்து தொங்கினோம், கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது, அத்தை உன் எலும்பா வண்டியா என்று கேட்டாள், வண்டிதான். நட்டு கழன்றது, ஆயில் வந்தது, நான் முகத்தை எடுப்பதற்குள் வந்தது. தொட்டியை நகர்த்து நகர்த்து என்று கத்துகிறேன், அத்தை நகர்த்தினாள், எதிர்ப்பக்கம் நகர்த்தினாள். தலைமுடி கதை இப்படித்தான். கருகருவென்று, தார் மாதிரி, நட்டு முனையில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. இந்தக் கலர்ல ஒரு மனுஷனுக்கு வந்திருந்தா உடனே அட்மிட் பண்ணச் சொல்லியிருப்பேன் என்றாள் அத்தை. கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய விட்டு, நட்டைத் துடைத்துப் புது வாஷர் போட்டு மூடிவிட்டு, ரெண்டு பேரும் டீ போட்டு பிஸ்கட்டு தொட்டுக் குடித்தோம், பாதி வேலை முடிந்ததாம், கொண்டாட்டமாம்.

டீ குடித்துவிட்டுப் போய் மேல் நட்டில் ஸ்பானரை வைத்தேன். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். ஒரு மயிரிழை அசையவில்லை. அந்த இடத்தில் குழாய் சொருகவும் முடியாது, சுற்றிலும் இரும்பு, கை போவதே பெரிய விஷயம். நான் இழுத்தேன், அத்தை இழுத்தாள், நான் காலால் உதைத்தேன், அத்தை வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து ஒத்தடம் கொடுத்தாள், ஒத்தடம் கொடுத்தால் இளகும் என்றாள், அது நட்டுடி தோள்பட்டை இல்லை என்றேன். அப்போதுதான் கடைக்காரர் சொன்னது மண்டைக்குள் மணி அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. எதற்காக முதலில் மேல் நட்டு என்று சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது பார். பழசை இறக்கியாயிற்று, புதுசை ஊற்ற வழியில்லை. ஆயில் இல்லாமல் வண்டியைத் தெருமுனை வரைக்கும்கூட ஓட்ட முடியாது, ஓட்டினால் கியர் பாக்ஸ் பொடிதான். மெக்கானிக் படுக்கையில், விடிந்தால் பல் டாக்டர். கரகரவென்று ஓடின வண்டியை ஓடவே முடியாத வண்டியாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, அத்தை என்னைப் பார்த்தாள், என் மூஞ்சியில் இருந்த கறுப்பில் கண்ணீர் ரெண்டு கோடு போட்டிருந்ததாம், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம், அந்த நேரம் பார்த்துக் கேட்டில் சத்தம். உன் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார்.

அவர் இறுக்கின கேட்டு எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தது, அதற்கு ஒரு நன்றி சொல்லணும். அவர் அங்கே தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தை ஆயில் தொட்டிமேல் போர்வையைப் போட்டு மூடி, அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நகம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டேன், கால் மட்டும் வெளியே. அப்பா வந்து என் காலைப் பார்த்து, இது யாரு என்று கேட்டார். நான்தான், கம்மல் விழுந்துடுச்சு, தேடுறேன் என்றேன். ஜாக்கியைச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம், கம்மல் தேடுறவ ஜாக்கி போட்டா தேடுவா என்று கேட்டார். அத்தை, அண்ணே பெரிய கம்மல் என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், லைசென்ஸ் தவிர. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பையைக் கீழே வைத்தார், குனிந்து பார்த்தார், மேல் நட்டு கழலவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றோம். கொஞ்சம்கூடவா என்றார். ஒரு இம்மிகூட இல்லை, எந்தப் படுபாவி இப்படி இறுக்கினானோ என்று அத்தை ஆரம்பித்தாள். அவர் மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் ஒரு பிரகாசம். என் பொண்ணு ஊருக்குப் போன வாரம் அங்க கொஞ்சம் ஈரம் தெரிஞ்சுது, நான்தான் ரெண்டையும் இறுக்கினேன் என்றார். ஒரு சொட்டாவது ஒழுகியிருந்துச்சா என்று கேட்கிறார் பார். இல்லைங்க என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், மெடல் வாங்கினவர் மாதிரி.

அதற்கப்புறம் நடந்ததுதான் பார்க்க வேண்டிய காட்சி. இறுக்கினவரும் அவர், கழற்ற வேண்டியவரும் அவர். சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போனார், தொப்பை ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சை வெளியே விட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொருகிப் போனார். ஒரு குட்டை ஸ்பானரைப் போட்டு இழுத்தார், முக்கினார், அசையவில்லை, வெளியே வந்து தண்ணீர் குடித்தார், அடடா என்ன இறுக்கு என்று தன்னையே பாராட்டிக்கொண்டார், மறுபடியும் போனார். அவர் ஜெயித்தாலும் அவர்தான் தோற்கணும், தோற்றாலும் அவர்தான் ஜெயிக்கணும், இந்த மாதிரி சண்டையை நான் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அத்தை பக்கத்தில் நின்று, முக்குங்க, மூச்சை விடுங்க, மறுபடி முக்குங்க என்று பிரசவ வார்டில் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஸ்பானரை மாட்டி அதன்மேல் சுத்தியால் ஓங்கி ஒன்று வைத்தார், டப் என்று ஒரு சத்தம், எனக்கு உயிரே போய்விட்டது, இடுப்புதான் போச்சு, மெக்கானிக்குக்குப் பக்கத்துக் கட்டில் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது, அதில் நட்டு.

ஊற்றுவதற்கு அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். துணி காயப் போடும் கொக்கியில் ஆயில் கேனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே புனல், புனலில் ஒரு டியூப், டியூப் முனை மேல் ஓட்டையில், டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரியே. புது ஆயில் தேன் கலரில் இறங்குகிறது, அவள் கேனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள், வண்டி பானெட்டைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்கிறாள். ஓட்டை விளிம்பு வரைக்கும் நிரம்பி லேசாக வெளியே வழிந்தால் அளவு சரி என்று அர்த்தம், கடைக்காரர் சொன்னதில் இது மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. உன் அப்பா அந்த ஓட்டைக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். முதல் சொட்டு வழிந்தது. அவர் கை தானாக நட்டைத் தேடிப் போனது, நான் கையைப் பிடித்துக்கொண்டேன், ஒழுகட்டும் விடுங்க, நல்ல ஒழுகல் இது என்றேன். அவரால் தாங்க முடியவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார், ரெண்டாவது சொட்டு, மூணாவது, அப்புறம் நூல் மாதிரி ஒரு கோடு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஒழுகலைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், டியூப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவ வித்துடுங்கன்னு சொன்ன அன்னைக்கே, இனி வரமாட்டாள்னு எனக்குப் புரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். புரியலைன்னும் நினைச்சேன். கேட்டா என்ன சொல்லிருவாளோன்னுதான் கேக்கல.”

அவ்வளவுதான் சொன்னார், உடனே நட்டை எடுத்துப் போட்டுவிட்டார். இறுக்கும்போது நானும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம், கையால் திருகி ஸ்பானரில் அளவாக ஒரே ஒரு இழுப்பு, அதற்கு மேல் கூடாது என்று சத்தியம் வாங்கினோம். வண்டியை இறக்கி, சாவியை எடுத்து நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்றுகொண்டு, நீ என்ன அங்க உக்காந்திருக்கே என்றார். லைசென்சை எடுத்து நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். அப்ப அந்த முட்டி வலி என்று கேட்டார். அது பிரேக் மிதிச்சதுல வந்தது என்றேன். சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார், இறுக்கித்தான் போட்டுக்கொண்டார். பெரிய ரோட்டில் ரெண்டாவது கியர் போட்டேன். வெண்ணெயில் கத்தி வைத்த மாதிரி விழுந்தது. மூணாவது, நாலாவது, திரும்ப மூணாவது, சும்மா போட்டுப் போட்டு எடுத்தேன், தேவையே இல்லாமல் போட்டேன், பின் சீட்டில் அத்தை கை தட்டுகிறாள். காலையில் குளிரில் மட்டும் ரெண்டாவது லேசாக ஒரு முனகல் முனகுகிறது, அது வயசுக்கு உண்டான முனகல், எனக்கும் இருக்கிறது. விக்கவேண்டாம் என்று எப்போது கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர், சிக்னலைப் பார்த்து ஓட்டு, பேசாம ஓட்டு என்றார். கேட்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்துவிட்டார். முன்னொரு தடவை அப்பாவோடு இதில் வந்தபோது கியர் சத்தத்தைக் கேட்டுத் தன் பல்லையே பிடித்துக்கொண்ட மனுஷர், இந்தத் தடவை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கும்போது முகமெல்லாம் பல். அட இது அந்த வண்டிதானா, இன்னைக்கே எடுத்துக்கறேன் என்கிறார். பார்த்தாயா, நானே தேய்த்து மெருகேற்றிப் பொட்டு வைத்து அடுத்தவருக்கு அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டதே என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா சாவியை வாங்கினார். வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டி நல்லாத்தான் இருக்கு டாக்டர், அதனாலதான் கொடுக்க முடியாது, இது என் பொண்ணோட வண்டி, அவ வந்து ஓட்டணும் என்றார். உங்க பொண்ணு எப்ப வராங்க என்று அவர் கேட்டார். அது தெரியாது, ஆனா வண்டி ரெடி என்றார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, அப்பா பேசும்போது வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்க தூக்கத்துல பல்லை இறுக்கிக் கடிக்கிறீங்க போல, ஒரு நாள் வந்து காட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் இறுக்கி வைத்திருக்கிறார் பார்.

கண்ணே, இதுதான் சங்கதி. நீ வித்துடுங்க என்று சொன்னதை நாங்கள் செய்யவில்லை, அதற்கு எங்களை மன்னித்துவிடு. நிஜமாகவே விற்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று செய், இங்கே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று உன் வாயால் அப்பாவிடம் சொல், உடனே விற்றுவிடுகிறோம், வராமல் போனில் சொன்னால் என் காது வேலை செய்யாது. எப்போது வருகிறாய் என்று நான் நச்சரிக்கவில்லை, வேலை இருக்கும், லீவு கிடைக்காது, எல்லாம் தெரியும். வருவேன் என்று மட்டும் சொல், தேதி பிறகு சொல், அட்டை எழுதி வைத்துவிட்டேன். அங்கே ராத்திரி ரொம்ப நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, தோளை இறுக்கிக்கொண்டு உட்காரும் பழக்கம் உனக்கு உண்டு, அது உன் அப்பா கொடுத்தது, கொஞ்சம் தளர விடு. மனசில் எதுவும் இருந்தால் மூடி வைக்காதே, எனக்கு நாலு வரி எழுது, ஒழுகினால் ஒழுகட்டும், அளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நேரத்துக்குச் சாப்பிடு. களிம்பை இனிமேல் அனுப்பாதே, இருப்பதே போதும். அத்தை உனக்கு ஒரு முத்தம் அனுப்பச் சொன்னாள், அப்பா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் காலையில் உன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல் இரு, போகிற வழியெல்லாம் உனக்குப் பச்சை விளக்கே எரியட்டும். மறக்காமல் பதில் போடு.

உன் வரவுக்கு வண்டியோடு காத்திருக்கும்,
உன் அம்மா (லைசென்ஸ் உண்டு)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வண்டியை எடுத்தேன். வண்டி பின்பக்கம் கேட்டைப் பார்த்து நிற்கிறது, கேட்டு உள்பக்கமாகத் திறப்பது என்பதால், திறப்பதற்கு இடம் வேண்டி வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தலாம் என்று முதல் கியர் போட்டேன், விழுந்தது ரிவர்ஸ். ரிவர்ஸ் இப்போது கெஞ்ச வேண்டியதே இல்லை, கை பட்டாலே விழுகிறது. வண்டிக்கு ஒன்றும் இல்லை, பின்னால் ஒரு கீறல். அப்பா இறுக்கின தாழ்ப்பாள் கழலவில்லை, கீலும் கழலவில்லை, அப்பா அதை ரெண்டு தடவை சரிபார்த்துவிட்டார். கேட்டுத் தூண்தான் கழன்று வந்துவிட்டது. தபால்காரர் இன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார், இதை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன்.